ஏணியிலிருந்து உன்னை இறக்கிவிட்டேன்

தம்பி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உனக்கு விஷயம் தெரிந்திருக்கும். நேற்று மத்தியானம் உன் கம்பெனி வாசலில் நின்று, உன் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லி, உனக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று, பெற்றவள் நானே சொல்லிவிட்டேன். ரசாயனத் தொட்டிகளின் உச்சியில் ஏறி நின்று வால்வு பார்க்கிற வேலை இனி உனக்குக் கிடையாது. நீ யாருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, ஒரு செக்யூரிட்டியும் அங்கே நின்ற லாரிக்காரர்களும் கேட்கும்படியாகப் போட்டு உடைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரைக்கும் அதைத் தேடிக்கொண்டு படிக்காதே.

உன் நிச்சயதார்த்தம் பாதியில் நின்று, மண்டபத்திலிருந்து வீட்டுக்குக் காரில் திரும்பியபோது நீ என்னிடம் சொன்னது உனக்கு நினைவிருக்கும். இல்லாவிட்டால் நான் நினைவுபடுத்துகிறேன். "எல்லாம் ஒன் ரத்தம். ஒன்னாலதான் எனக்கு இது. குடுக்கறதுக்கு ஒனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?" என்றாய். டிரைவர் சங்கடப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். மறுநாள் காலையில் நீ பையை எடுத்துக்கொண்டு வேலை பார்க்கிற கடலூருக்கே போய்விட்டாய். போன் எடுப்பதில்லை. ஆகவே பதிலை இப்போது எழுதுகிறேன். ஆமாம், என்னிடமிருந்து வந்திருக்கலாம். நரம்பு டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம்மா, இல்லாமலும் இருக்கலாம். அம்மாவுக்கு இருந்தா புள்ளைக்கு வந்தே தீரும்னு ஒண்ணும் கெடையாது. ஸ்கேன் எடுத்துப் பாக்கணும், அப்பவும் காரணம் தெரியாமப் போகலாம்" என்றார். சரி, என்னிடமிருந்தே வந்தது என்று வைத்துக்கொள். என் மூக்கும்தான் உன்னிடம் இருக்கிறது. அதற்கு நீ என்னிடம் நியாயம் கேட்டதில்லை. வலிப்பு என்னுடையது என்றால், கஷ்டம் வந்ததும் கூட இருப்பவரை விட்டுவிட்டு நடையைக் கட்டுகிற குணம் உன் அப்பாவுடையது. இரண்டில் எதற்கு மாத்திரை இருக்கிறது என்று நீயே யோசித்துக்கொள்.

உனக்கு என் கதை அரைகுறையாகத்தான் தெரியும். காட்டுமன்னார்கோயிலில் பத்தாவது படிக்கும்போது, காலை பிரேயர் வரிசையில் நின்றவள் விழுந்தேன். கண் விழித்தபோது என் கையில் ஒரு சாவிக்கொத்தும் மூக்கில் யாருடைய செருப்போ ஒன்றும் இருந்தன. பாவாடை நனைந்திருந்தது. முதல் நாள்வரை என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பெண்கள் அதன் பிறகு என் பக்கத்தில் உட்காரவில்லை. என் எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு டீச்சரே சொன்னார். என்னைப் பெற்றவர்கள் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை, சூடு போடுகிற ஒருவனிடம் கூட்டிப்போனார்கள். பின்கழுத்தில் முடிக்கு அடியில் இருக்கும் தழும்பைக் காட்டி, சின்ன வயதில் அது என்ன என்று நீ கேட்டிருக்கிறாய். அடுப்பில் சுட்டுக்கொண்டது என்று சொன்னேன். அடுப்பில் யாராவது பின்கழுத்தைச் சுட்டுக்கொள்வார்களா? பழுக்கக் காய்ச்சிய கம்பி அது. அவன் வைத்தபோது என் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது என் அப்பா. அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஏதோ பாவம் செய்திருக்கிறேன், அதற்கு இது சரிதான் என்று நினைத்தேன். அவமானம் அப்படித்தான் வேலை செய்யும். கம்பியை வைக்கிறவன் பக்கம் நம்மையே பேச வைத்துவிடும்.

என்னைக் கடலூரில் கட்டிக்கொடுத்தபோது யாரும் உன் அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. நீ வயிற்றில் இருக்கும்போது, வளைகாப்பு முடிந்த வாரம், கூடத்தில் எல்லோர் முன்னாலும் விழுந்தேன். உன் அப்பாவைப் பெற்றவள் என் வீட்டாரை வரவழைத்து நிற்கவைத்து, "பொண்ணுன்னு சொல்லி ஒரு பொணத்த கட்டி வச்சிட்டுப் போயிட்டீங்களே" என்றாள். என் தட்டும் தம்ளரும் கொல்லைப்புறத்துக்குப் போயின. நீ பிறந்த பிறகு உன்னை என் கையில் கொடுக்க மாட்டேன் என்றார்கள். பசித்து அலறினால்தான் கொண்டுவந்து போடுவார்கள். கேவலத்தைவிடக் கேவலம் என்ன தெரியுமா, அவர்கள் சொன்னதில் பாதி எனக்கும் பயமாகவே இருந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது விழுந்துவிட்டால்? அதனால் நான் உன்னைத் தரையில் உட்கார்ந்துதான் மடியில் வாங்குவேன். தரையில் உட்கார்ந்தே பால் கொடுத்தேன், தரையில் காலை நீட்டிப் போட்டு ஒவ்வொரு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். அறைக்கு அறை கொண்டுபோக வேண்டுமென்றால் உன்னைத் துணியில் படுக்கவைத்து, தரையோடு இழுத்துக்கொண்டு போவேன். நீ என் இடுப்பில் ஏறி வளர்ந்த பிள்ளை இல்லை. பெரியவனான பிறகு ஒருநாள் "நீ என்னத் தூக்கினதே இல்லியாம்மா?" என்று கேட்டாய். கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொன்னதை நீயும் நம்பியிருப்பாய். உன் தலையில் ஒரு கீறல் இல்லாமல் வளர்ந்தாயே, அதை யோசித்தாயா?

உனக்குப் பல் முளைக்கும் முன்பே உன் அப்பா நம் இருவரையும் சிதம்பரத்தில் உன் மாமா வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். "வைத்தியம் பாத்து அனுப்புங்க மச்சான், நான் வந்து அழச்சிக்கிறேன்" என்றார். தண்ணீர்கூட குடிக்கவில்லை. அதன் பிறகு அவர் வந்தது விவாகரத்துப் பேசத்தான். நான் டைப்ரைட்டிங் படித்திருந்தேன். கீழ வீதியில் பாய் ஒருவர் நடத்திய ஜெராக்ஸ் கடையில், காலேஜ் பிள்ளைகளின் தீசிஸ் டைப் அடிக்க ஆள் தேடினார்கள். போன முதல் நாளே சொல்லிவிட்டேன், எனக்கு வலிப்பு வரும் என்று. சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தும்விட்டேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "விழுந்தீங்கன்னா நாங்க இன்னா செய்யணும்?" என்று கேட்டார். அதுவரைக்கும் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை. எனக்கே பதில் தெரியவில்லை. அவர் கேட்டுவிட்டாரே என்றுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் நான் கேட்டேன். ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, அஞ்சு நிமிஷத்துக்கு மேலே போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும். பாய் அதைக் கேட்டுக்கொண்டு, சரி, வேலையைப் பாருங்க என்றார். அவ்வளவுதான்.

ஆனாலும் நான் உடனே நிமிர்ந்துவிடவில்லை. மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முக்காடு போட்டுக்கொண்டு போவேன். அங்கே பெஞ்சில் பெண்ணாடத்துப் பெண் ஒருத்தி பழக்கமானாள். கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், என்னைவிடச் சின்னவள், சிரிப்புக்காரி. புருஷன் வீட்டில் சொல்லவில்லை. மாத்திரையை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்து, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போடுவாள். வீட்டில் ஆள் ஜாஸ்தி, பல நாள் போட முடியாது. "மாட்டிக்கிட்டா மானம் போயிடும்க்கா" என்பாள். ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதம் அவளுடைய அக்கா வந்து சொன்னாள். பம்புசெட்டு வாய்க்காலில் துணி அலசக் குனிந்தவள் அப்படியே கவிழ்ந்திருக்கிறாள். முழங்கால் அளவு தண்ணீர். கரையில் ஆட்கள் இருந்தார்கள், முகம் கழுவுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். வலிப்பு என்று யாருக்காவது தெரிந்திருந்தால் ஓடிப்போய்த் திருப்பிப் போட்டிருப்பார்கள். மானம் போகவில்லை, அவள்தான் போனாள். அவளை எடுத்துப் போட்ட பிறகும் அந்த வீட்டில் யாருக்கும் அவளுக்கு நோய் என்று தெரியாது. கால் வழுக்கிவிட்டது என்றே நினைத்தார்கள். அன்றைக்கு முக்காட்டை எடுத்தேன். தைரியம் வந்து எடுக்கவில்லை. அந்த வாய்க்காலை நினைத்துப் பயந்துபோய் எடுத்தேன்.

இதெல்லாம் தெரிந்தவள் என்பதால்தான் உனக்குப் பெண் பார்த்தபோது, சுகன்யாவின் அம்மாவிடம் என் நோயை நானே முதலில் சொன்னேன். அந்த அம்மா, "மாத்திர சாப்புடுறீங்க இல்ல, அப்புறம் இன்னா" என்று முடித்துவிட்டார். உனக்கும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன் அறையில் கூடத் தங்கியிருக்கிற செந்திலுக்குத் தெரியும். பாண்டிச்சேரியில் யாரோ டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, கொஞ்ச நாள் போட்டு, தூக்கமாக வருகிறது என்று நீயே நிறுத்தியும் இருக்கிறாய். உன் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக இதே நோயோடு ஒருத்தி சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு. கேட்டால் நீயும் என்னைப் போல ஆகிவிடுவாய். அதுதானே?

நீ விழுந்தபோது மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியாது, தெரிந்திருக்க முடியாது. பத்திரிகை வாசித்து, மோதிரம் மாற்றி முடித்து, உன் கையில் தட்டைக் கொடுத்தார்கள். நீ தட்டோடு விழுந்தாய். வாழைப்பழமும் வெற்றிலையும் மேடை முழுக்கச் சிதறின. யாரோ சாவியைக் கொண்டு ஓடிவந்தார்கள், வாங்கி வீசி எறிந்தேன். உன்னை ஒருக்களித்துப் போட்டு, உன் தலைக்கு என் முந்தானையைச் சுருட்டி வைத்தேன். என் நோயை வெளியிலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே உன் வாயைத் துடைத்தேன். பிறகு உன்னை உள்ளறையில் படுக்கவைத்தோம். உனக்குப் பேச்சு தெளிந்ததும் சுகன்யா தண்ணீரோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் குரலில் கோபமே இல்லை. நீ, "இல்ல. காலைல சாப்பிடல, அதான். சத்தியமா இல்ல" என்றாய். பின்னால் நின்ற செந்தில் பயத்தில் உளறிவிட்டான்: "டேய், டாக்டருகிட்டயாவது ஒழுங்கா சொல்லுடா, போன தடவயும் இப்படித்தான ஆச்சு." சுகன்யா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அதன் பிறகு பேசியதெல்லாம் அவளுடைய தாய்மாமன். கூடத்தில் என்னை நிற்கவைத்து, "ஆத்தாளுக்கு இருக்குன்னு சொன்னீங்க, போனாப் போவுதுன்னு சரின்னோம். புள்ளைக்கும் இருக்குன்னு சொல்லலியே. நாங்க பொண்ணு குடுக்க வந்தமா, ஆஸ்பத்திரி நடத்த வந்தமா?" என்றார். எனக்குத் தெரியாதுங்க என்றேன். பெற்றவளுக்குத் தெரியாதா என்று கூட்டமே சிரித்தது. ஊரில் யாரிடமும் மறைக்காமல் வாழ்ந்தவளை, பொய்க்காரி என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பியது உன் ஒரு பொய். அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் நீ காரில் ரத்தத்தைப் பற்றிப் பேசினாய்.

சுகன்யா போன வாரம் பாய் கடைக்கு என்னைத் தேடி வந்தாள். நீ போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டில் வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், அவளே வந்தாள். "அவுரு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்க மாமா குதிச்சாலும் நான் நின்னிருப்பேன் அத்த. சத்தியம் பண்ணி இல்லன்னாரே. நாளைக்கி வேற எதுக்கு சத்தியம் பண்ணுவாரு?" என்றாள். அவளுக்குப் பண்ருட்டியில் வேறு இடம் முடிவாகிவிட்டது. உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். நோயினால் அவளை இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஆயுசுக்கும் உன்னைப் பார்த்து நீயே பரிதாபப்படுவாய். அந்தச் சௌகரியத்தை உனக்கு நான் விட்டுவைக்கப் போவதில்லை.

இனி நேற்று நடந்தது. நீ மறுபடியும் மாத்திரை போடாமல் தொட்டி மேல் ஏறுகிறாய் என்று செந்தில் போனில் அழுதான். நான் பல ராத்திரி தூங்கவில்லை. தூக்கம் கெட்டால் எனக்கு ஆகாது, அது தெரிந்தும் தூக்கம் வரவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைப் பார்ப்பதாக அவனிடம் நீ ஒப்புக்கொண்டாய். நான் பஸ்ஸை விட்டு இறங்கி, பூக்கடைகளின் பக்கம் நிழலில் நின்றேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அங்கேதான் எனக்கு வந்தது. கண் தெளிந்தபோது சுற்றிலும் கால்களும் செல்போன்களும். ஒருவன் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். என் புடவை நனைந்து முழங்காலுக்கு மேல் கிடந்தது. கால்களுக்குப் பின்னால், கூட்டத்தின் ஓரத்தில், நிச்சயத்துக்கு எடுத்த அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் மங்கலாகத்தான் தெரியும், அது நீ இல்லை என்று என்னால் நினைத்துக்கொண்டிருக்க முடியும். ஆனால் என்னைத் தூக்கி உட்காரவைத்த பூக்காரம்மா விடவில்லை. "தே, அந்தப் புள்ள கிட்ட வந்து குனிஞ்சி பாத்துட்டு விறுவிறுன்னு போவுது பாரு. ஒங்களுக்குத் தெரிஞ்ச புள்ளையா?" என்றாள். இல்லை என்றேன். கூட வந்தது யாரு என்றாள். யாரும் இல்லை என்றேன்.

உன்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் எனக்கு யாரும் இல்லை, அதனால் சொன்னேன். பிறகு படம் எடுத்தவனைப் பார்த்து, "தம்பி, இது வலிப்பு. குடிச்சிட்டு விழல, பேயும் இல்ல. எடுக்கறதுன்னா ஒழுங்கா எடு, விழுந்தவங்கள எப்படிப் படுக்க வைக்கணும்னு சொல்றேன், அதையும் சேத்துப் போடு" என்றேன். அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான். பூக்காரம்மா டீ வாங்கிக் கொடுத்து, தன் கடைக்குப் பின்னால் சாக்கை விரித்து என்னைப் படுக்கவைத்தாள். நன்றாகத் தூங்கினேன். எழுந்து, எதிர்க் கடையில் ஒரு மலிவுப் புடவை வாங்கி, கட்டணக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டேன். ஈரப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி உன் கம்பெனிக்குப் போனேன்.

உன் சூப்பர்வைசர் நல்ல மனுஷர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முதலில் கத்தினார். "ஏம்மா, நேத்திக்கிக்கூட மேல ஏத்தினேனே அவன! கீழ கொதிக்கிற ஆசிட்டு. அவன் விழுந்தா அவன் மட்டுமா போவான், கீழ நிக்கிறவன் இன்னா பாவம் பண்ணான்?" என்றார். இதை நீ யோசித்தாயா? உன் மானத்துக்குக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். வேலையை விட்டு அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டேன். "அது என் கையில இல்ல. டாக்டர் லெட்டர் கொண்டாரட்டும், ஸ்டோர்ஸ்ல எடம் இருக்கான்னு கேக்குறேன். சத்தியம்லாம் பண்ண முடியாது. ஆனா ஏணி கெடையாது" என்றார். நான் வெளியே வரும்போது செக்யூரிட்டி, "சொந்தப் புள்ள பொழப்புல நீங்களே மண்ண வாரிப் போட்டுட்டுப் போறீங்களே" என்றார். "அவன் மேல மண்ணப் போடக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. நீ கெட்டவன் என்பதால் இந்த நோய் வரவில்லை. அதே போல, இந்த நோய் வந்துவிட்டதாலேயே நீ நல்லவனாகிவிடவும் முடியாது. கூட இருப்பவர்களிடம் சொல். டாக்டர் விடச் சொல்லும்வரை பைக்கைத் தொடாதே. தேவனாம்பட்டினம் கடலில் குளிக்காதே, குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாதே. தூங்கு. வியாழக்கிழமை காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் வருவார். நான் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் இருப்பேன், உனக்கும் ஒன்று சேர்த்து வாங்குவேன். என் பக்கத்தில் உட்கார வெட்கமாக இருந்தால் வேறு பெஞ்சில் உட்கார். என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். உன் பொழப்பைக் கெடுத்தவள், உன் ரத்தத்தைக் கெடுத்தவள் என்று கடைசிவரைக்கும் நீ என்னைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம், நான் தடுக்க மாட்டேன். என் மேல் இருக்கிற அந்தக் கோபத்தோடேயே மாத்திரையைப் போடு. கோபத்தோடு விழுங்கினாலும் அது வேலை செய்யும்.

அம்மா